சி ஷிப்ட் வாரத்துத் தூக்கம்

கல்யாணத்துக்கு முன்னால் துர்கா தூங்கினால், பாயோடு தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் போட்டாலும் அவளுக்குத் தெரியாது. மதியழகனோடு ஒரே கட்டிலில் ஆறு வருஷம் படுத்ததில் அதெல்லாம் போயிற்று. இப்போது கட்டிலின் விளிம்பில் ஒருக்களித்து, முழங்கையை முகத்துக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொண்டுதான் படுப்பாள். அவன் மூச்சு கொஞ்சம் மாறினாலும் விழிப்பு வந்துவிடும். விட்ட தூக்கத்தைப் பள்ளிக்கூட வேனிலும், ஸ்டாஃப் ரூமில் கணக்கு நோட்டுகளின் மேல் தலைசாய்த்தும் தவணை முறையில் தூங்குவாள்.

காரணம் செம்பாக்கத்தில் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்ததுதான். மதியழகனுக்குத் தூக்கத்தில் கை ஓங்கும் வியாதி. "விடாத, புடி அவன" என்று கத்துவான், அடுத்த நொடி அடி விழும். ஒரு தடவை முன்பல் உடைந்தது. ஒரு தடவை கண் வீங்கி, பத்து நாள் அவளால் போர்டைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. விடிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் என்ன பண்ணேன், சொல்லு துர்கா" என்று தேம்பித் தேம்பி அழுவான். கடைக்குப் போய் ஐஸ்கட்டி வாங்கி வந்து அவனே ஒத்தடம் கொடுப்பான். அழுகிற ஆம்பளையிடம் யார்தான் சண்டை போடுவது? தாம்பரத்தில் டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கினார்கள். நடுவில் தலையணை அடுக்கினார்கள். தனியாகப் படுக்கிறேன் என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னதற்கு, "என்ன நோயாளின்னு ஒதுக்கறியா?" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான்.

மாமியார் ரேணுகாம்பாளுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அவள் புருஷனுக்கும் இதே வியாதி இருந்ததாம். அவளுக்கு இடது காது கேட்காமல் போனதே அவர் தூக்கத்தில் விட்ட அறையால்தான். அதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். "பாவம்டி அந்த மனுசன். காலைல என் காதுல ரத்தத்தப் பாத்துட்டு ஓன்னு அழுதாரு. தூங்கறவங்க மேல கோவப்பட முடியுமா, இன்னா?"

மறைமலை நகர் கம்பெனியில் அவனுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சி ஷிப்ட் வரும். ராத்திரி பூரா வேலை, காலை எட்டு மணிக்குக் கம்பெனி பஸ் கொண்டுவந்து இறக்கிவிடும். அவன் படுக்கும்போது இவள் பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவாள். சி ஷிப்ட் என்றால் மற்ற வீட்டுப் பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். துர்காவோ காலண்டரில் அந்த வாரத்தைத்தான் எண்ணிக்கொண்டிருப்பாள். ஏழு நாள் மனுஷியாகத் தூங்கலாமே!

அந்த வருஷம் மே மாதம் வெயில் ஆளைக் கொன்றது. படுக்கையறைக்கு ஒரு ஏர் கூலர் வாங்கினார்கள். ஜன்னலைச் சாத்தினால் கூலர் குளிராது, அறை புழுங்கும். அதனால் திரைச்சீலையை ஒதுக்கி ஜன்னலை விரியத் திறந்து வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு. சி ஷிப்ட் வாரம். காலையில் அவன் இட்லி சாப்பிடும்போது, ப்ளஸ் டூவுக்குத் தன்னை இன்சார்ஜாகப் போட்டிருப்பதையும், ஜூனிலிருந்து ஆறு மணிக்குத்தான் வரமுடியும் என்பதையும் துர்கா சொன்னாள். "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவினான்.

மத்தியானம் ஹால் அடுப்பாகக் கொதித்தது. "அங்க போய் கூலர் காத்துல படேன்டி" என்று மாமியார்தான் விரட்டினாள். துர்கா போய் வழக்கம்போல விளிம்பில் படுத்தாள். ஆறு வருஷத்தில் பட்டப்பகலில் அவன் பக்கத்தில் படுத்தது அன்றுதான் முதல் தடவை.

அரைத் தூக்கத்தில் அவன் மூச்சு மாறியது கேட்டது. இருட்டாக இருந்தால் கண்ணை இறுக்கிக்கொண்டிருப்பாள். வெளிச்சத்தில் கண் தானாகத் திறந்துகொண்டது. மடக்கிய முழங்கைக்குக் கீழே பார்த்தாள்.

மதியழகனின் கண்கள் திறந்திருந்தன. நன்றாக, தெளிவாக. அவள் தலையைப் பார்த்தான். முகத்தை மறைத்த முழங்கையைப் பார்த்தான். பிறகு அவள் விலா எலும்பைப் பார்த்தான். நடுவிலிருந்த தலையணையைச் சத்தமில்லாமல் நகர்த்தினான். முஷ்டியை மடக்கினான். அப்புறம்தான் கண்ணை மூடினான்.

"விடாத, புடி அவன!"

விலாவில் இடி இறங்கியது. மூச்சே நின்றுபோய், துர்கா தரையில் விழுந்தாள்.

"ஐயோ, துர்கா! நான் அடிச்சிட்டேனா?" அதற்குள் அழவே ஆரம்பித்துவிட்டான்.

"நீங்க முழிச்சிருந்தீங்க. நான் பாத்தேன்."

குழாயை மூடினதுபோல அழுகை நின்றது. கட்டிலிலிருந்து இறங்கினான். அவள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துக் கட்டில் சட்டத்தில் ஒரு மோது மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. "பாத்தியா? நல்லா பாத்துக்கோ!" இரண்டாவது மோதலில் துர்கா அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் இறங்கும் வரை கடித்தாள். ஆறு வருஷம் இவனுக்காகப் பரிதாபப்பட்டோமே என்ற ஆத்திரம் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

சத்தம் கேட்டு ரேணுகாம்பாள் ஓடிவந்தாள். கூலரில் ஊற்றக் கொண்டுவந்த தண்ணீர் பக்கெட் கையில் இருந்தது.

"தூக்கத்துலம்மா... தெரியாம..." என்றான் மகன். நின்றுகொண்டு, கொத்து மயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அத்தை, கண்ணத் தெறந்து வச்சு, எடம் பாத்து அடிச்சாரு" என்றாள் துர்கா. "எப்பவுமே அப்படித்தான் போல. இருட்டுல எனக்குத் தெரியல."

ரேணுகாம்பாள் அவன் முகத்தையே பார்த்தாள். கேட்கிற காதை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"இத நீ யாராண்டடா கத்துகின?"

"விடும்மா."

"கேக்கறேன் இல்ல? யாராண்ட?"

மயிரை விட்டுவிட்டு, கடிபட்ட கையைத் தேய்த்துக்கொண்டான். எரிச்சலாகத்தான் சொன்னான். "சின்ன வயசுல நான் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதானே படுத்திருந்தேன்."

கூலர் ஓடிக்கொண்டிருந்தது. ரேணுகாம்பாள் பக்கெட்டைத் தண்ணீரோடு தூக்கி அவன் முகத்தில் அடித்தாள். மூக்குத் தண்டு உடைகிற சத்தம் கேட்டது. கட்டிலில் சாய்ந்தவனை விடவில்லை. பிளாஸ்டிக் பிளந்து, கைப்பிடி மட்டும் கையில் மிஞ்சும்வரை தலையிலும் தோளிலும் மாறி மாறி அடித்தாள். துர்கா தடுக்கவில்லை. தடுக்க அவளுக்கு மனமில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே போய் வாசல் கதவை அகலத் திறந்தாள். அவன் சட்டையை எடுத்துத் தெருவில் எறிந்தாள்.

மூக்கைப் பொத்திக்கொண்டு மதியழகன் வெளியே போனான். எதிர்வீட்டார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதவைத் தாழிட்டுவிட்டுத் துர்கா திரும்பியபோது, ரேணுகாம்பாள் நனைந்த கட்டிலில் உட்கார்ந்து கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு செத்தப்போ," என்றாள், "மூணு மாசம் தூங்காம அழுதுகினு இருந்தேன்டி."