வெள்ளைக்காரப் பெண் தங்கிய வீடு

ஆண்டாள் பதினொரு நாளிலேயே வீட்டுக்குள் வெஸ்டர்ன் டாய்லெட் கட்டி முடித்தாள். முட்டி தேய்ந்த மாமியார் ஆறு வருஷம் கெஞ்சியும் கட்டாத டாய்லெட் அது. பெல்ஜியத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள், மூன்று மாதம் தங்கள் ஊரான உறுவையாற்றிலேயே தங்கப் போகிறாள் என்று காதில் விழுந்த மறுநாளே கொத்தனார் வந்துவிட்டார்.

பெல்ஜியத்தில் ஒரு தொண்டு நிறுவனம். வில்லியனூரில் அதற்குக் கூட்டாளியாக ஒரு சின்னச் சங்கம். அவர்கள் பணமும் ஆளும் அனுப்புவார்கள், இவர்கள் ஊரில் வேலையை நடத்துவார்கள். இந்தத் தடவை இடிந்து கிடந்த பால்வாடியைத் திரும்பக் கட்டுகிற வேலை, ஏற்கெனவே பாதி நடந்திருந்தது. அனிக் என்கிற அந்தப் பெண் பகலில் கல் சுமப்பாள், சாயங்காலம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவாள். அவள் தங்குவதற்கு ஆண்டாள் வீட்டை விட்டால் ஊரில் வேறு எந்த வீடு இருக்கிறது? ஒன்பது காணி நெல்லும் கரும்பும், வாசலில் கார், மாடியில் ஏசி ரூம். போதாததற்கு அவள் புருஷன் குழந்தைவேல் பால்வாடிக்கு இரண்டு ஃபேன் உபயம் செய்து, இறக்கைக்கு இறக்கை தன் பெயரை எழுதியும் கொடுத்திருந்தார்.

சங்கத்து ஜெயசித்ரா அந்தப் பெண்ணை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஆண்டாள் வீட்டு வாசலைத் தாண்டிப் போனாள். காலனியில் ரோசம்மாள் வீட்டில் போய் இறக்கிவிட்டாள். ரோசம்மாள் இருபத்தாறு வருஷமாய் ஆண்டாளின் நிலத்தில் நாற்று நடுகிறவள்.

ஆண்டாள் ஜெயசித்ராவை மடக்கிக் கேட்டாள். "இன்னா நியாயம் இது? அங்க ஒத்த ரூம்பு வூடு."

"எங்க ரூல் அப்படிக்கா. பால்வாடிக்கு யாரு வந்து ஒழைச்சாங்களோ அவுங்க வூட்டுலதான் தங்க வெப்போம். ரோசம்மாக்கா நாப்பது நாளு மண்ணு சொமந்திருக்காங்க."

"நாங்க ஃபேன் குடுத்தோமே?"

"குடுத்தீங்க. அதுல தங்க முடியாதேக்கா."

அன்று தொடங்கியது வயிற்றெரிச்சல். சாயங்காலம் ஆனால் ஆண்டாள் துணி எடுக்கும் சாக்கில் மாடிக்குப் போய் நின்றுகொள்வாள். அங்கிருந்து பார்த்தால் குழாயடி தெரியும். அனிக் குடத்தை இடுப்பில் வைக்கப் பழகுவாள், பாதித் தண்ணீர் பாவாடையில் போகும், ரோசம்மாள் "அடியே, நேரா நில்லுடி" என்று அதட்டுவாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஒரு வெள்ளைக்காரியை வாடி போடி என்று கூப்பிடுகிறாளே, அதுவும் இவள்! ஆண்டாளுக்குச் சோறு இறங்கவில்லை. புது டாய்லெட்டை மாமியார் மட்டும் சந்தோஷமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தாள்.

இந்த எரிச்சலில்தான் அந்தப் பொய் வந்தது. பாகூரில் கட்டிக்கொடுத்த நாத்தனார் மஞ்சுளா போனில் பேசும்போது, தன் மருமகள் கனடா போகிற கதையை அரைமணி நேரம் அளந்தாள். பொறுக்க முடியாமல், "எங்க வூட்டுலயும் பெல்ஜியம் பொண்ணு ஒண்ணு தங்கியிருக்குது" என்று ஆண்டாள் சொல்லிவிட்டாள். மஞ்சுளா விடுகிற ஆளா? "அப்படியா அண்ணி? ஞாயித்துக்கெழம வரன், பாக்கணும்" என்றாள்.

வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளையாவது அனிக் தன் வீட்டில் இருக்க வேண்டும். ஜெயசித்ராவிடம் விருந்துக்குக் கேட்டால், அதற்கும் ஒரு ரூல் வைத்திருந்தாள். தங்கியிருக்கிற வீட்டுக்காரர் கூட வராமல் அனிக் வெளியில் சாப்பிடக் கூடாதாம்.

சனிக்கிழமை ஆண்டாள் காலனிக்குள் நடந்தாள். ஆள் வேண்டுமென்றால் இத்தனை வருஷமும் தெருமுனையில் நின்று குரல் கொடுத்தே பழக்கம். ரோசம்மாள் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், பக்கத்தில் அனிக் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நாற்காலி வந்தது, டீ வந்தது. ஆண்டாள் உட்கார்ந்தாள். டீயை மட்டும், "சனிக்கெழம விரதம்" என்று சொல்லித் தள்ளி வைத்தாள். பால் கலந்த டீக்கு எந்த விரதமும் தடை சொல்வதில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"நாளைக்கு நீயும் இந்தப் பொண்ணும் எங்க வூட்டுக்குச் சாப்புட வந்துடுங்க."

ரோசம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். "வரோம்மா. ஆனா ஒண்ணு. எப்பவும் வர மாதிரி தோட்டத்துப் பின்வாசப் பக்கமா நான் வரமாட்டன். இந்தப் புள்ள எந்த வழியா வருதோ அந்த வழியாத்தான் நானும் வருவன்."

ஆண்டாளுக்கு முகம் சூடாகியது. வேறு நாளாயிருந்தால் நடப்பதே வேறு. ஆனால் மஞ்சுளாவின் நக்கல் சிரிப்பு கண்ணுக்கு முன்னால் நின்றது. "வாயேன், யாரு வாணாம்னா" என்று எழுந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பனித்திட்டுக் கடற்கரையிலிருந்து வஞ்சிரம் வந்தது, மேஜைமேல் வாழை இலை விழுந்தது. தெருவாசல் வழியாக அனிக் வந்தாள், கூடவே நல்ல புடவையில் ரோசம்மாள் வந்தாள். மஞ்சுளா இருவரையும் விழுந்து விழுந்து வரவேற்றாள். வயல் பக்கமே எட்டிப் பார்க்காத அவள், ரோசம்மாளைச் சங்கத்துப் பெரிய மேடம் என்றே முடிவு கட்டிவிட்டாள். தன் கையாலேயே அவளுக்கு ஒரு துண்டு மீன் வைத்து, "நீங்க எந்த ஊருங்க மேடம்?" என்று கேட்டாள்.

ரோசம்மாள் நிமிர்ந்து ஆண்டாளைப் பார்த்தாள், பதில் சொல்ல அவளுக்கு நேரம் கொடுத்தாள். ஆண்டாள் தண்ணீர்ச் செம்பை எடுக்கத் திரும்பிக்கொண்டாள்.

"இதே ஊருதாம்மா. இவுங்க நெலத்துலதான் இருவத்தாறு வருஷமா நாத்து நடறன். இந்தப் புள்ள என் வூட்டுல தங்கியிருக்குது."

மஞ்சுளாவின் கை இலையிலேயே நின்றது. அண்ணியைப் பார்த்தாள், ரோசம்மாளைப் பார்த்தாள். எதற்கு முதலில் கோபப்படுவது என்று அவளுக்கே தெரியவில்லை. "எனக்குப் போதும் அண்ணி" என்று எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, செருப்பைத் தேடினாள். அவள் பாகூர் போய்ச் சேருவதற்குள் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

அனிக் ஒன்றும் புரியாமல் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். ரோசம்மாள் பொறுமையாகச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவ வந்தபோது, ஆண்டாள் பல்லைக் கடித்தாள்.

"என் மானத்த வாங்கிட்டியே. கொஞ்சம் சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"நீங்க அவுங்ககிட்ட இன்னா சொல்லி வெச்சிருக்கீங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" ரோசம்மாளின் குரலில் கோபமே இல்லை. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா ஜெயசித்ராகிட்ட பேசி, நாலு நாளு இந்தப் புள்ளைய நானே இங்க அனுப்பியிருப்பனே. எங்க வூட்டு வெக்கையில தூங்காம தவிக்குது, பாவம்."

ரோசம்மாளிடம் ஆண்டாள் எத்தனையோ வேலை சொல்லியிருக்கிறாள், ஒருநாளும் எதையும் கேட்டதில்லை. கேட்டு வாங்கும்படி அவளிடம் ஏதாவது இருக்கும் என்று நினைத்ததும் இல்லை.

"அக்கா, போலாம்" என்று அனிக் ரோசம்மாளின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் தெருவாசலில் இறங்கிப் போனார்கள். அந்தப் பெண்ணைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆசை ஆண்டாளுக்கு அந்த நிமிஷமே விட்டுப்போயிற்று. வயிற்றெரிச்சல் மட்டும் போகவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல ரோசம்மாளால் முடிகிறதே, அதை நினைத்துத்தான் இப்போது எரிந்தது.