பெண்டுகளுக்குத் தனிப் பெட்டி

தெய்வநாயகம் பிள்ளைக்கு உலகத்தில் பிடிக்காத சத்தம் ஒன்று உண்டென்றால் அது சைக்கிள் மணிச் சத்தம்தான். காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டு வாசலில் நிற்கும்போதே தொடங்கிவிடும். நெடுவரம்பு வயலில் புதிதாக எழும்பிய வீடுகளிலிருந்து வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் கம்பவுண்டர்களும் கிளம்பி, பெரிய தெரு வழியாக, அவர் வீட்டு முன்னாலேயே மணியடித்துக்கொண்டு போவார்கள். பிள்ளை நிற்கிறாரே என்று ஒருவனாவது இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டுமே, கிடையாது.

"வரத்தன் பயக்க!" என்று துப்புவார். வெளியூரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவன் என்று அர்த்தம். நாகர்கோவிலில் அதைவிடக் கேவலமான வசவு அவருக்குத் தெரியாது.

வரத்தன்மார் ஒன்றும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. நெடுவரம்பு வயலில் முதன்முதலாக மண் கொட்டி மேடாக்கி, மனை பிரித்து விற்றவரே இந்தத் தெய்வநாயகம் பிள்ளைதான். மார்த்தாண்டத்திலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் உத்தியோகத்துக்கு வந்த வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், கேட்ட விலையைக் கொடுத்தார்கள். அவர் விற்றதைப் பார்த்து தெருவில் மற்றவர்களும் விற்றார்கள். அதை யாராவது ஞாபகப்படுத்தினால் பிள்ளைக்கு மூக்கு சிவந்துவிடும். "மனையைத்தானவே வித்தேன், ஊரையா வித்தேன்?" என்பார். மனையை வாங்குகிறவன் அதில் வீடு கட்டுவான், பெண்டாட்டி பிள்ளையோடு குடியிருப்பான், ஓட்டும் போடுவான் என்பது அவ்வளவு பெரிய மூளைக்கு எட்டாமல் போயிற்று.

பிள்ளை ஊரார் கட்சியின் தலைவர். அவருடைய அப்பா ஆரம்பித்த கட்சி. அதற்குக் கொள்கை ஒன்றே ஒன்று: எதுவும் மாறக்கூடாது. கோயில் நிர்வாகம், கால்வாய்த் தண்ணீர், யார் யார் வீட்டில் எந்த நடை வரைக்கும் வரலாம் என்பது, எல்லாம் தாத்தா காலத்தில் இருந்தபடியே இருக்கவேண்டும். வரி கட்டுகிறவனுக்கு மட்டும் ஓட்டு என்று இருந்த காலத்தில் நகரசபையில் பாதி நாற்காலி ஊரார் கட்சிக்குத்தான். வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று வந்ததும் ஒவ்வொரு வார்டாகக் கழன்று விழுந்தது. திருவிதாங்கூர் கொச்சியோடு சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்த அந்தச் சமயத்தில் மிச்சம் இருந்தது பெரிய தெரு வார்டு ஒன்றுதான். அதுவும் போனால் கட்சி இல்லை. கட்சி இல்லையென்றால் தெய்வநாயகம் பிள்ளை வெறும் வயல் விற்ற பிள்ளை.

அந்த வார்டுக்கு எதிராளியாக வந்து நின்றவர் ஜான்ரோஸ் வாத்தியார். நெடுவரம்பில் குடியிருக்கிறவர். அவருக்குச் சின்னம் சைக்கிள் என்று தாசில்தார் கொடுத்ததைக் கேட்டதும் பிள்ளை அன்று முழுவதும் சோறு தின்னவில்லை. பிள்ளைக்குக் கிடைத்தது குத்துவிளக்கு. அப்போதெல்லாம் ஒவ்வொருவருக்கும் அவரவர் சின்னம் ஒட்டிய தனித்தனிப் பெட்டி; பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போடவேண்டும்.

கட்சி வேலையெல்லாம் பார்க்கிறவன் அவருடைய தங்கை மகன் தாணு. அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"மாமா, எனக்குக் கொஞ்சம் பயமாட்டு இருக்கு. நெடுவரம்பில வீட்டுக்கு நாலு ஓட்டு. நம்ம தெருவில பயக்க ஒருத்தனும் இல்ல. பம்பாய்க்குப் போனவன் போயாச்சு, மெட்ராசுக்குப் போனவன் போயாச்சு. திருவனந்தபுரத்தில இருக்கவன்கூட ஓட்டுக்கு வரமாட்டேங்கான். கெழடுகள வச்சு எப்பிடி ஜெயிக்கது?"

"ஏலே, தெருவில வேற யாருமே இல்லியா?"

"பொம்பிளைகதான் இருக்காவ."

சொல்லிவிட்டுத் தாணு நாக்கைக் கடித்துக்கொண்டான். பெரிய தெருப் பெண்கள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் தவிர வெளியில் போகிற வழக்கமில்லை. இதற்கு முன்னால் நடந்த தேர்தல்களில் ஒருத்தியும் ஓட்டுச்சாவடிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பிள்ளை கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். பிறகு முகம் மலர்ந்தது.

"இருக்காளுவல்லா! தெரு நெறைய இருக்காளுவ. மாப்பிள மெட்ராசில இருந்தா என்ன, அவ ஓட்டு இங்கதானே கெடக்கு? நெடுவரம்புக்காரன் தலைகீழா நின்னாலும் எட்டாது மக்கா!"

ஆனால் ஊரார் கட்சித் தலைவர் வீட்டுப் பெண், வரத்தன்மாரோடு ஒரே வரிசையில் முட்டிமோதிக்கொண்டு நிற்பதா? பிள்ளை தாசில்தாரிடம் போய் வாதாடினார். பெரிய தெருப் பெண்களுக்குத் தனிச் சாவடி வேண்டும், சுற்றிலும் ஓலைமறைப்பு வேண்டும், உள்ளே உட்காருகிற அதிகாரியும் பெண்ணாக இருக்கவேண்டும், எந்தக் கட்சி ஆணும் ஏஜெண்டு என்று சொல்லி உள்ளே நுழையக்கூடாது. கூப்பிட்டுக் கேட்டபோது ஜான்ரோஸ் வாத்தியார் உடனே சம்மதித்தார்.

"எங்க வீட்டுப் பொம்பிளைக எங்ககூடவே வரிசையில நின்னு போட்டுக்கிடுவாவ. இவிய வீட்டுக்காரிகளுக்குத் தனியா வச்சுக் குடுங்க, நல்ல காரியந்தானே," என்று சிரித்தார்.

எதிராளி சிரித்துக்கொண்டே சம்மதித்தால் மனிதன் கொஞ்சம் யோசிக்கவேண்டாமா? பிள்ளை யோசிக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஜான்ரோஸ் வாத்தியார் வாக்குறுதி என்று கொடுத்தது ஒன்றைத்தான். பெரிய தெருவுக்கும் நெடுவரம்புக்கும் நடுவில் சும்மா கிடந்த நகரசபை நிலத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. ஏற்கெனவே நகரசபையில் வந்த பேச்சுதான். வந்தபோதெல்லாம் பிள்ளை எழுந்து நின்று தடுத்திருந்தார்.

தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் கோயில் நடையில் ஊரார் கட்சிக் கூட்டம். பெண்கள் அவரவர் வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று கேட்டார்கள். பிள்ளைக்கு அன்று தொண்டை நன்றாகத் திறந்திருந்தது.

"ஆசுபத்திரியாம் ஆசுபத்திரி! யாருக்கு ஓய் ஆசுபத்திரி? நெடுவரம்புக்காரிக வருசத்துக்கு ஒண்ணு பெத்துப் போடுகாளுவ. நாம நெலமும் குடுத்து, தொட்டிலும் கெட்டிக் குடுக்கணுமாம்! இருவது வருசம் கழிஞ்சு பாரும், நம்ம கோயில்ல வெளக்கு வைக்க ஆளிருக்காது. நம்ம வீட்டுப் பொம்பிளைக இந்த வீட்டுக்குள்ள, இந்த மண்ணில பெத்தவங்களாக்கும். நமக்கு ஆசுபத்திரி எதுக்கு?"

கிழவர்கள் கைதட்டினார்கள். ஜன்னல்களில் ஒரு சத்தமும் இல்லை. அப்படிப் பேச அந்த மனிதருக்கு எப்படி நாக்கு வந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஏனென்றால் முந்தின வருஷம் அந்த வீட்டுக்குள்தான் அவருடைய ஒரே மகள் பகவதி தலைப்பிரசவத்துக்கு வந்து கிடந்தாள். வயிற்றில் குழந்தை குறுக்கே திரும்பிக்கொண்டது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஜான்ரோஸ் வாத்தியார் மனைவி நேசபாய் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வீடு. பிள்ளையின் மனைவி அழகியநாயகி புருஷன் காலில் விழுந்தாள். "அவளைக் கூப்பிடுங்க, ஒரு தடவை கூப்பிடுங்க" என்று கெஞ்சினாள். பிள்ளை கேட்கவில்லை. ஊரார் கட்சித் தலைவன் வீட்டு அறைக்குள் வேதக்காரி ஏறினாள் என்று நாளைக்குப் பேச்சு வராதா? வண்டி கட்டச் சொன்னார், ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோவோம் என்றார். வண்டி கோட்டாறு கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் பகவதி போய்விட்டாள், குழந்தையும் போயிற்று. பிள்ளையும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார், அது பொய்யில்லை. ஆனால் பதினாறாம் நாள் கழிந்ததும் விதி என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகரசபைக்குப் போய்விட்டார். அந்தத் தெருவில் அப்படிப் போனவள் பகவதி ஒருத்தி மட்டுமல்ல. ஒவ்வொரு வீட்டு ஜன்னலுக்குப் பின்னாலும் ஒரு பகவதி உண்டு.

கூட்டம் முடிந்து வந்தவருக்கு அழகியநாயகி இலை போட்டுப் பரிமாறினாள். "நாளைக்கு நீ மொதல் ஆளாப் போணும், கேட்டியா? உன்னைப் பாத்துத்தான் மத்தவளுவ வருவாளுவ. வெளக்குப் படம் ஒட்டின பெட்டி. மறந்திராத," என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு ரசம் ஊற்றினாள்.

மறுநாள் பெரிய தெரு திருவிழாப்போல இருந்தது. பிள்ளை தன்னுடைய வில்வண்டியோடு சொந்தக்காரர் வண்டிகளையும் பூட்டச் சொல்லி, வீடு வீடாக நிறுத்தினார். நடக்கமுடியாத கிழவிகளைக்கூட நாற்காலியோடு தூக்கி வண்டியில் ஏற்றவைத்தார். பெண்கள் குளித்து, நீறு பூசி, பூ வைத்துக்கொண்டு பள்ளிக்கூட முற்றத்தில் இறங்கினார்கள். ஓலைமறைப்புக்குள் ஒவ்வொருத்தியாகப் போனார்கள், வந்தார்கள். முதலில் போனவள் அழகியநாயகி. மரத்தடியில் விசிறிக்கொண்டு நின்ற பிள்ளைக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அப்படி ஒரு பெருமை அவருக்கு முப்பது வருஷத்தில் வந்ததே இல்லை.

சாயங்காலம் எண்ணினார்கள். பொதுச்சாவடியில் ஜான்ரோஸ் வாத்தியார் முன்னால் நின்றார். அது எதிர்பார்த்ததுதான். தாணுவின் முகம் வாடியது, பிள்ளை அவன் முதுகில் தட்டினார். "இனித்தாம்லே நம்ம பெட்டி வருது."

பெண்கள் சாவடிப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதிகாரி ஒன்றின் முத்திரையை உடைத்துக் கவிழ்த்தார். விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குச் சில சீட்டுகள் விழுந்தன. அதிகாரி பெட்டியை உலுக்கிப் பார்த்தார், வேறொன்றும் விழவில்லை.

"சாரே, மாத்தித் தொறந்திட்டிய. அது சைக்கிள் பெட்டியாக்கும்," என்றார் பிள்ளை, சிரித்துக்கொண்டே.

அதிகாரி பெட்டியைத் திருப்பி, ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். குத்துவிளக்கு ஐந்து திரியோடு சுடர்விட்டு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த பெட்டியைக் கவிழ்த்தபோது சீட்டுகள் மேசையை நிறைத்துத் தரையிலும் கொட்டின.

பிள்ளையின் சிரிப்பு நின்றது. பொதுச்சாவடியில் போட்டது வரத்தன்மார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இந்தச் சாவடியில் பெரிய தெருப் பெண்களைத் தவிர ஒரு ஈ நுழையவில்லை. நுழையக்கூடாது என்று தாசில்தாரிடம் சண்டைபோட்டது அவரேதான். கூட நின்ற கிழவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாருக்கும் வீட்டில் பெண்டாட்டி இருந்தாள், மருமகள் இருந்தாள். ஊரார் கட்சி அந்த மேசைமேல் முடிந்துபோயிற்று. அதைக் குழிதோண்டிப் புதைத்தது நெடுவரம்பு இல்லை, பெரிய தெரு அடுக்களைதான் என்பது மட்டும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

வெளியில் வெடி வெடித்தது. ஜான்ரோஸ் வாத்தியார் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் ஏதோ சொல்ல வந்தார். பிள்ளை அவரைத் தள்ளிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

அழகியநாயகி அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. வெடிச்சத்தம் அங்கேயும் கேட்டதல்லவா.

"ஏட்டி, எவளெவ சைக்கிளுக்குப் போட்டது? பேரச் சொல்லு. ஒவ்வொருத்தியையும் தெருவில நிறுத்திக் கேக்கேன்."

"மத்தவளுவ கதை எனக்குத் தெரியாது. நான் போட்டேன்."

"நீயா? எம் பெண்சாதி நீயா?" கை ஓங்கிவிட்டது. அவள் நகரவில்லை. களைந்த அரிசியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஓங்கின கை தானாக இறங்கியது.

"எவ சொல்லிக் குடுத்தா? அந்த நர்சுக்காரி வந்தாளா? பின்வாசல் வழியா வந்தாளா? யாரு சொல்லி நீ போட்டே?"

"யாரும் சொல்லல்ல. நீங்க சொன்ன வெளக்குப் பெட்டியில போடணும்னுதான் உள்ள போனேன். சீட்டத் தந்த பொம்பிள அங்கயே இருந்துட்டா, பெட்டி வச்சிருந்த எடத்தில ஒரு மனுசர் இல்ல. ஓலைய இழுத்து மறைச்சுக் கெடந்துது. கல்யாணம் கழிஞ்சு இந்த வீட்டுக்கு வந்த பொறவு நான் ஒத்தைக்கு நின்ன எடம் அது ஒண்ணுதான். கொஞ்ச நேரம் நின்னு யோசிச்சேன்."

அவள் அரிசியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"அந்த எடத்தையும் நீங்கதானே கேட்டு வாங்கித் தந்திய."