அரை இன்ச் இறக்கம்

முப்பத்தோரு வருடமாக நான் உட்கார்ந்து சம்பாதிக்கிறேன். இதைச் சொன்னால் ஆபீஸ் உத்தியோகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆபீசில் இருப்பவர்கள் அவ்வப்போது அசைவார்கள். நான் அசையமாட்டேன். பல்கலைக்கழகத்து ஓவியத் துறையில் நான் மாடல். மேடைமேல் ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல் நான், சுற்றிலும் வரைபலகைகளோடு பத்துப் பிள்ளைகள்.

என் தொழில் சுத்தத்தைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது அழகல்ல. நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஒருமுறை தீயணைப்புப் பயிற்சிக்கு மணி அடித்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். இடைவேளைக்கு இன்னும் நாலு நிமிடம் இருந்ததால் நான் ஓடவில்லை. தலைக்கவசத்தோடு ஒரு வீரர் உள்ளே வந்து, ஜன்னல், மூலை, அலமாரி எல்லாம் பார்த்துவிட்டு, "ரூம்ல ஆள் யாரும் இல்ல, ஒரே ஒரு சிலைதான்" என்று கத்திவிட்டுப் போனார். அடுத்த வாரம் தளவாடங்களைச் சரிபார்க்க வந்த குமாஸ்தா ஸ்டூலுக்கு ஒரு எண் ஒட்டினார், மேடைக்கு ஒரு எண் ஒட்டினார், என் முழங்காலில் ஒன்று ஒட்டினார். நூற்றுப் பதினேழு. நான் ஆட்சேபிக்கவில்லை. அப்போதும் இடைவேளை வரவில்லை.

இந்த வகுப்பை நடத்துபவரைப் பிள்ளைகள் கரி மேடம் என்பார்கள். கரிக்கோல் பிடித்துப் பிடித்து விரல் நுனி எப்போதும் கறுப்பாகவே இருக்கும். மூக்கைச் சொறிந்தால் மூக்கிலும் ஒரு கோடு. பத்தொன்பது வருடமாக அவர் சொல்லித் தருவது ஒன்றைத்தான். "கையை விடு, அது தானா வரும். முதல்ல ஆளைப் பாரு." இதுதான் பாடம். நல்ல பாடம். ஆனால் இதை ஒரு படிவத்தில் எழுத முடியாது என்பது போன வருடம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

போன வருடம் தர உறுதிப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மெலிந்து, உயர்ந்து, நேராக இருப்பார். பிள்ளைகள் அன்றே அளவுகோல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் கற்றல் இலக்கு எழுத வேண்டும், அதை அளக்க வேண்டும், பத்துக்கு ஏழு பேராவது அந்த இலக்கை எட்டாத பாடம் அடுத்த வருடம் பட்டியலில் இருக்காது என்றார். அறையையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் தரும் வடக்கு ஜன்னலின் அருமை அவருக்குப் பிடிபடவில்லை. முப்பது கம்ப்யூட்டர் வைக்கலாம் என்றார். என்னையும் சேர்த்துத்தான் கணக்கிட்டார் போலிருக்கிறது, என் இடத்தில் நாலு வைக்கலாமாம்.

கரி மேடம் இலக்கு எழுதினார்: மாணவர் மனிதரைப் பார்க்கக் கற்றுக்கொள்வார்.

அளவுகோல் தலையை ஆட்டினார். "மேடம், பார்க்கிறது செல்லாது. அளக்க முடியாது."

"அப்ப உணர்ந்துகொள்வார்னு போடலாமா?"

"உணர்றதும் செல்லாது. புரிஞ்சுக்கிறது, ரசிக்கிறது, இதெல்லாம் தடை பண்ண பட்டியல்ல இருக்கு. ஒரு பையன் பார்த்தான்னு நான் எப்படி நம்பறது? யார் சாட்சி?"

மேடத்துக்குப் பொறுமை போய்விட்டது. நான் மேடைமேல் உட்கார்ந்திருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. பேனாவைப் பிடுங்கி, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினார்: மாடலின் மனைவி பார்த்ததும் இது தன் கணவர்தான் என்று அடையாளம் காணும்படி மாணவர் வரைவார்.

கோபத்தில் எழுதியது. அளவுகோலுக்குக் கோபத்தைப் பார்த்துப் பழக்கமில்லை. இரண்டு முறை வாசித்தார், முகம் மலர்ந்துவிட்டது. "அற்புதம் மேடம்! வெளி மதிப்பீட்டாளர்! ஆமா, இல்லைன்னு ரெண்டே பதில்! இவ்வளவு சுத்தமான இலக்கை நான் எந்தத் துறையிலயும் பார்த்ததில்ல."

முத்திரை குத்திக்கொண்டு போய்விட்டார். மேடம் என்னைப் பார்த்தார். "ஐயா, நான் இப்ப என்ன செஞ்சேன்?"

"வம்பை விலைக்கு வாங்கினீங்க" என்றேன். உதடு அசையாமல் பேசுவது தொழில் பழக்கம்.

என் வீட்டுக்காரி தையற்காரி. தெருமுனையில் கடை. ஆட்களை அவள் முகத்தை வைத்து நினைவில் வைப்பதில்லை. "யாரு, அந்த நாப்பத்திரண்டு மார்பா?" என்பாள். ஒருமுறை பத்து வருடம் கழித்து வந்த ஒருவரை வாசலில் நிழல் விழுந்ததுமே, "வாங்க, கை நீளம் ஒரு இன்ச் அதிகம் வேணும் உங்களுக்கு" என்று கூப்பிட்டாள். அவர் பயந்துபோய் இரண்டு பேண்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். அப்படிப்பட்டவளைத்தான் மேடம் தெரியாமல் நீதிபதி ஆக்கியிருந்தார்.

வருடம் ஓடியது. இறுதி வரைதல் ஒரே அமர்வு, மூன்று மணி நேரம். ஒரு பாடத்தின் உயிரே என் உருவத்தில் தொங்குகிறது என்று தெரிந்தபின் வழக்கம்போல் உட்கார எனக்கு மனம் வரவில்லை. இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். கடைவீதிக்குப் போய் ஒரு ரெடிமேட் சட்டை வாங்கினேன். நீல நிறம், விறைப்பான காலர். தையற்காரியின் புருஷன் ரெடிமேட் சட்டை வாங்குவது எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பையில் சுருட்டி எடுத்துப் போனேன், துணி மறைப்புக்குப் பின்னால் மாற்றிக்கொண்டேன்.

எனக்கு இடது தோள் அரை இன்ச் இறக்கம். வீட்டுச் சட்டை அதற்கேற்ப வெட்டியிருக்கும். கடைச் சட்டைக்கு அந்த விஷயம் தெரியாது. ஆகவே தோளைத் தூக்கிப் பிடித்து, மார்பை நிமிர்த்தி, ஓய்வுபெற்ற தளபதி மாதிரி மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். முதல் மணி முடிவதற்குள் வலது கால் மரத்துப்போய், என்னுடையதாக இல்லை.

பிள்ளைகளில் ஒருத்தி ரப்பர். அவள் ஒரு கோடு போட்டால் இரண்டு கோடு அழிப்பாள். வருடம் முழுவதும் ஒரு படத்தையும் முடித்ததில்லை. தாமதமாக வருவாள், அதனால் கிடைப்பது எப்போதும் என் முதுகுப்பக்கம்தான். அன்றைக்கும் அப்படியே.

"ரப்பர், இன்னிக்காவது ஒரு ஆளை மிச்சம் வைடி" என்றான் பக்கத்திலிருந்தவன்.

"நீ உன் கிழவரைப் பாரு. இளவரசன் மாதிரி வரைஞ்சு வெச்சிருக்க."

மதிப்பீட்டு நாள் வந்தது. அளவுகோல் நியாயமான ஆள், அதுதான் சிக்கல். எங்கள் பத்துப் படங்களோடு வேறொரு கல்லூரியிலிருந்து வேறு ஏதோ கிழவரின் பத்துப் படங்களையும் வரவழைத்துக் கலந்து மாட்டினார். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரி கண்ணை மூடிக்கொண்டு எல்லாமே தன் கணவர் என்று சொல்லிவிடலாமே. கையெழுத்துகளைத் தாள் ஒட்டி மறைத்தார். ஒப்பிட்டுப் பார்க்கக்கூடாது என்று என்னை மறைப்புக்குப் பின்னால் உட்கார வைத்தார். மூச்சுவிட அனுமதி இருந்தது. துணி மறைப்பில் ஓர் ஓட்டையும் இருந்தது. ஓட்டைக்கு அனுமதி தேவைப்படவில்லை.

வீட்டுக்காரி வந்தாள். கழுத்தில் இன்ச் டேப், கையில் பை. "ஒரு மணி நேரம்தான் டீச்சரம்மா. கடையில மூணு பேண்ட் கிடக்குது."

"அம்மா, நிதானமா பாருங்க" என்றார் அளவுகோல். "ஒவ்வொண்ணா பார்த்து, இது உங்க கணவரா இல்லையான்னு மட்டும் சொன்னா போதும். ஒருதரம் சொன்னா மாத்த முடியாது."

"கட்டிக்கிட்டப்பவும் இதையேதான் சொன்னாங்க" என்றாள்.

முதல் படத்தின் எதிரில் நின்றாள். எங்கள் வகுப்பின் கெட்டிக்காரப் பையன் வரைந்தது. கண்ணிமைகூட ஒவ்வொன்றாகத் தெரியும். பரிசுக்கு அனுப்பலாம் என்று துறையே பேசிக்கொண்ட படம். மூன்று நொடி பார்த்தாள்.

"இது யாரோ."

பின்வரிசையில் ஒரு பென்சில் தரையில் விழுந்தது.

"அம்மா, முகத்தை நல்லா..."

"முகம் இருக்கட்டும் தம்பி. ரெண்டு தோளும் ஒரே மட்டமா இருக்கு. இவ்வளவு நேரான மனுஷனை நான் கட்டிக்கல. அடுத்தது."

அடுத்ததில் கோடுகள் கோணலாகக் கிடந்தன, மூக்கு கொஞ்சம் நகர்ந்திருந்தது. ஆனால் இடது தோள் அரை இன்ச் இறங்கியிருந்தது. "ம். இவர்தான்" என்றாள், ஏதோ கடையில் தொலைத்த கத்தரிக்கோல் கிடைத்த மாதிரி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் தளபதி மாதிரி உட்கார்ந்த அன்று, கண்ணில் பட்டதை அப்படியே நகலெடுத்தவர்கள் தளபதியை வரைந்திருக்கிறார்கள். வருடம் முழுவதும் என்னைப் பார்த்து வந்தவர்கள், நான் தூக்கிப் பிடித்த தோளை நம்பவில்லை. அவர்கள் கை தானாக இறங்கிவிட்டது. மேடத்துக்கும் அது புரிந்தது என்று நினைக்கிறேன். ஜன்னலோரம் நின்றவர் மூக்கைச் சொறிந்துகொண்டார், ஒரு கோடு விழுந்தது.

அவள் மளமளவென்று போனாள். வேறு கிழவரின் படங்கள் ஒன்றில்கூட ஏமாறவில்லை. "பாவம், இவருக்கு நல்ல உடம்பு. சட்டைக்குக் கை வெட்டினவன்தான் கெடுத்துட்டான்" என்று ஒரு படத்துக்கு அனுதாபம் தெரிவித்தாள். அளவுகோல் படிவத்தில் குறித்துக்கொண்டே வந்தார். பத்தொன்பது படம் முடிந்தபோது எங்கள் பிள்ளைகளில் ஆறு பேருக்கு ஆமாம், மூன்று பேருக்கு இல்லை. ஏழு வேண்டும். மிச்சம் ஒன்று. அது ரப்பருடையது.

தாளில் முக்கால்வாசி வெறும் வெள்ளை. ஒரு முதுகு, அதுவும் பாதி. விறைப்பான ஒரு காலர். ஸ்டூலுக்கு அடியில் பின்னுக்கு இழுத்த ஒரு வெறுங்கால். முகமில்லை, தோளில் ஒன்று அழிந்துபோயிருந்தது. சுவரோரம் நின்ற ரப்பர் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்காரி கிட்டப் போனாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். நேரம் ஓடியது.

"இது கடைச் சட்டை" என்றாள் கடைசியில். "முன்பக்கப் படத்துல தெரியல, இதுல காலருக்குப் பின்னாடி கம்பெனிச் சீட்டு வெளிய எட்டிப் பார்க்குது. அதைக்கூட அந்தப் பிள்ளை விடல. என் கைத்தையல் இல்ல இது. எங்க வீட்டுக்காரர் கடைச் சட்டை போடமாட்டார்."

அளவுகோல் பேனாவை எடுத்தார். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சட்டை வாங்கியதை ஒப்புக்கொள்ளலாமா என்று யோசித்தேன். சொன்னால் வகுப்பு பிழைக்குமா என்பது தெரியாது, நான் பிழைக்கமாட்டேன் என்பது தெரியும். இருந்தாலும் வாயைத் திறந்தேன்.

"இருங்க தம்பி, எழுதாதீங்க" என்றாள் அவள். "நான் இன்னும் பதில் சொல்லல."

குனிந்தாள். இன்ச் டேப்பின் நுனியால் அந்தக் காலைத் தொட்டாள். "கட்டைவிரல் மடங்கியிருக்கு."

"அதனால என்னம்மா?"

"கால் மரத்துப்போனாலும் வெளிய சொல்லாம இருக்கும்போது மடங்கும். எங்கிட்ட எதையாவது மறைக்கும்போதும் மடங்கும். இங்க ரெண்டும் சேர்ந்து மடங்கியிருக்கு." நிமிர்ந்தாள். "இவரேதான். எழுதிக்கங்க, ஆமா. என் புருஷன். எனக்குத் தெரியாம கடைச் சட்டை வாங்கிப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார்."

ஏழு.

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ரப்பரைத் தூக்கி மேடைமேல் நிற்க வைத்தார்கள். மேடம் கறுப்பு விரலால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் கரியாகி, சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சத்தத்துக்கு மேலே ஒரு குரல், உயர்த்தவே இல்லை, ஆனால் தெளிவாகக் கேட்டது.

"வெளிய வாங்க."

முப்பத்தோரு வருடத்தில் முதல்முறையாக இடைவேளைக்கு முன்பே அசைந்தேன்.

"எவ்வளவு கொடுத்தீங்க அந்தச் சட்டைக்கு?"

"பாடத்துக்காகத்தான் வாங்கினேன்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். விரல் மடங்கியிருந்தது.

அளவுகோல் நடுவில் வந்தார். படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் காலியாக இருந்ததாம்: அடுத்த ஆண்டுக்கான மேம்பாட்டு நடவடிக்கை. அதை நிரப்பாவிட்டால் மேலே அனுப்ப முடியாது. வெளி மதிப்பீட்டாளர் என்ற முறையில் அம்மாவுக்கு ஏதாவது பரிந்துரை உண்டா என்று கேட்டார்.

"உண்டு" என்றாள். "வீட்டுல தைச்ச சட்டைதான் போடணும். நிமிர்ந்து உக்காரக்கூடாது. கால் மரத்தா வாயைத் திறந்து சொல்லணும்."

ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். முத்திரை குத்தினார். மூன்று வாரத்தில் ஒப்புதலாகி வந்துவிட்டது. பாடம் பட்டியலில் இருக்கிறது, அறை எங்களுடையது, வடக்கு வெளிச்சம் பழைய இடத்திலேயே விழுகிறது. கெட்டிக்காரப் பையனும் மற்ற இரண்டு பேரும் மறுபடி வரைகிறார்கள். இப்போதெல்லாம் அவன் வந்ததும் முதல் பத்து நிமிடம் பென்சிலைத் தொடுவதில்லை. சும்மா என்னைப் பார்க்கிறான். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்த நீலச் சட்டையை அவள் தூக்கி எறியவில்லை. தையலை முழுக்கப் பிரித்து, இடது தோளை அரை இன்ச் இறக்கி, சீட்டை வெட்டி, திரும்பத் தைத்தாள். அதைத்தான் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். கொஞ்சம் சாய்ந்துதான் உட்காருகிறேன். மற்றவர்கள் இப்படி உட்கார்ந்தால் சோம்பேறித்தனம் என்பார்கள். என்னுடையது பாடத்திட்டத்தில் இருக்கிறது.