மூச்சு விடாத தொட்டி

நாற்றத்தைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறவர்கள் பாய்மரப் படகு வாங்கக் கூடாது. கடல், காற்று, அஸ்தமனம் என்று படம் பிடித்துப் போடுகிற ஒருவராவது படகின் கழிவறையைப் படம் பிடித்துப் போட்டதுண்டா? அது அடைத்துக்கொண்டால் அஸ்தமனத்தை எவன் பார்க்கப் போகிறான்!

பான்கேக் ஓடைக்குள் வந்து நங்கூரம் போட்ட நான்காவது நாள் காலை அது. மரேயும் ப்ரான்வினும் இரண்டு நாளாக வாளியில் போய்க்கொண்டிருந்தார்கள். மரேக்கு அறுபத்தொன்பது வயது, அவன் மனைவி ப்ரான்வினுக்கு அறுபத்தாறு. பத்தொன்பது வருடமாக இந்தப் படகுதான் அவர்களுக்கு வீடு. கரையில் அவர்களுக்கென்று ஒரு அலமாரிகூடக் கிடையாது.

மரே கழிவறைத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். ப்ரான்வின் வாசலில் நின்றாள். உள்ளே இன்னொரு ஆளுக்கு இடமில்லை.

“மறுபடியுமா?”

“வால்வுல உப்புப் படிஞ்சிருக்கு.”

“நேத்தும் அதைத்தானே சொன்னே? நேத்துத்தானே உக்காந்து சுரண்டினே?”

“நேத்து சரியாச் சுரண்டலை. தலைக்கு மேல நின்னு கண்ணு வெக்காதே. போய் டீ போடு.”

“டீ குடிச்சா அப்புறம் எங்க போறது? வாளிக்கா?”

மரே சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. அதைக் கேட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும், அவளுக்கும் தோன்றியது.

ஆனால் பம்பின் பிடியை அழுத்தினால் அது கையைத் திருப்பித் தள்ளியது. போன தண்ணீர் குபுகுபுவென்று கழிவறைக் கிண்ணத்துக்கே திரும்பி வந்தது. பண்டபெர்கிலிருந்து வடக்கே போவன் வரை இந்தக் கரையில் யார் படகில் இப்படி ஆனாலும் மரேயைத்தான் கூப்பிடுவார்கள். அவன் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பான்: “தொட்டி மூச்சு விடுதா?” கழிவுத் தொட்டிக்குள் ஏதாவது போக வேண்டுமானால் உள்ளே இருக்கிற காற்று வெளியே போக வேண்டும். அதற்கென்று ஒரு மெல்லிய குழாய் படகின் வெளிப்பக்கத்துக்குப் போகும். அது அடைத்துக்கொண்டால் பம்பை நூறு தடவை கழற்றி மாட்டினாலும் பிரயோசனமில்லை. பத்து நிமிஷத்தில் குழாயைச் சரிபண்ணிவிட்டு, அவர்கள் கொடுக்கிற பீரையும் குடித்துவிட்டு வருவான்.

அந்த மரேதான் இரண்டு நாளாக அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பக்கத்துப் படகு வெர்ன் தன் சின்னப் படகைத் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தான். தனிக்கட்டை, வாய் நீளம்.

“என்னய்யா மரே, இன்னுமா நோண்டிட்டிருக்கே? காத்துக் குழாயைப் பாத்தியா? நீ எனக்குச் சொல்லிக்குடுத்ததுதான்!”

“எனக்கே பாடமா? போ, போ. உன் ஓட்டைப் படகு முழுகிடப் போகுது.”

வெர்ன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். குழாயைப் பார் என்று நேற்றே ப்ரான்வின் சொல்லியிருக்கலாம். சொன்னால், அவனுக்கு ஏன் அது தோன்றவில்லை என்ற பேச்சும் கூடவே வந்துவிடும். அதற்குப் பயந்துதான் இரண்டு நாள் வாளியைத் தூக்கினாள்.

பிப்ரவரியில் பிரிஸ்பேனில் டாக்டர் மரேயின் மறதிக்கு ஒரு வியாதியின் பெயரைச் சொன்னார். இப்போதுதான் ஆரம்பம் என்றார். ஆஸ்பத்திரி வாசலில் காரைக் கிளப்பாமல் மரே சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“இங்க பாரு ப்ரான். மனுஷங்க பேரு மறந்தா மறக்கட்டும், பாதிப் பேரை எனக்கு எப்பவுமே பிடிச்சதில்லை. படகு வேலையில ஒண்ணே ஒண்ணு மறந்தாலும் அன்னிக்கே சொல்லிடு. மழுப்பாதே. பரிதாபம் பாக்காதே. நானே கொண்டுபோய்க் கரையில கட்டிட்டு இறங்கிடறேன். அம்மாவைக் கடல்ல வெச்சுக் கொன்னுட்டான்னு டேகன் என்னைச் சொல்லக் கூடாது.”

“சத்தியமாச் சொல்றேன்,” என்றாள் அவள்.

மகள் டேகன் கிளாட்ஸ்டனில் தன் வீட்டுப் பின்னறையைக் காலி செய்து வைத்திருந்தாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கார் கொட்டகை தெரியும். அந்த அறையில் மரேயை வைத்து நினைத்துப் பார்க்க ப்ரான்வினால் முடியவில்லை. இந்த ஐந்து மாதத்தில் அவன் அடுப்பில் கெட்டிலைத் தண்ணீர் வற்றிக் கருகவிட்டான், பேரனின் பெயரை இரண்டு தடவை மாற்றிச் சொன்னான். அதெல்லாம் படகு வேலையில் சேராது என்று அவள் தள்ளிக்கொண்டே வந்தாள். இந்த வருஷம் வடக்கே பெர்சி தீவு வரை போய்விட்டு வந்தால் போதும், அப்புறம் நடக்கிறது நடக்கட்டும்.

“பம்பை மாட்டியாச்சு, இன்னும் தள்ளுது. தொட்டி மூடியைத் திறந்து பாத்துடறேன்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு நாளாகப் பம்பு அடித்து அடித்து உள்ளே காற்று திணறிக்கொண்டிருக்கும். மூடி கழன்றால் மொத்தமும் அவன் முகத்தில் பீறிட்டு அடிக்கும். இதையும் அவன்தான் எல்லோருக்கும் சொல்வான்.

“ஏய், இரு! அதைத் தொடாதே. நான் வெளிய போய்ப் பாத்துட்டு வரேன். அது வரைக்கும் தொடாதே மரே, சொல்லிட்டேன்.”

“என்னத்தைப் பாக்கப் போறே?”

“சும்மாத்தான்.”

இடுக்கியை எடுத்துக்கொண்டு ரப்பர் படகில் இறங்கி, படகின் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தாள். மேல் விளிம்புக்கு ஒரு சாண் கீழே, ஐந்து சென்ட் காசு அளவுக்கு ஒரு துளை. அதற்குள் மரத்தக்கை ஒன்று கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

இடுக்கியால் பிடித்துத் திருகி இழுத்தாள். படக்கென்று தெறித்து அவள் தோளைத் தாண்டிப் போய் விழுந்தது. பின்னாலேயே புஸ்ஸென்று ஒரு காற்று. ஐயோ, என்ன நாற்றம்! முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள். தொட்டி ஒரு நிமிஷம் முழுக்க மூச்சு விட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கூட விட்டாள்.

அப்புறம் தக்கை மிதந்து வந்து ரப்பர் படகை முட்டியது. அதை எடுத்துப் பார்த்தாள். மரேயின் கத்தி வெட்டு. அவனே செதுக்கியது.

லேடி மஸ்கிரேவ் தீவிலிருந்து இந்த ஓடைக்கு வரும்போது காற்று பலமாக இருந்தது. அந்த மாதிரிக் காற்றில் படகு வலப்பக்கம் சாய்ந்தே ஓடும், துளை தண்ணீருக்குள் முழுகும், தொட்டிக்குள் கடல் ஏறிவிடும். அதனால் கிளம்பும் முன்பு தக்கையைச் செருகுவான், நங்கூரம் போட்டதும் முதல் வேலையாக எடுப்பான். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவை தவறியதில்லை.

யாருக்குத்தான் மறக்காது, என்று சொல்லிக்கொண்டாள். அலைச்சல், களைப்பு. நல்லா இருக்கிறவனே மறப்பான்.

பின்பக்கமாக ஏறி உள்ளே போனவள் நேராகப் பயணக் குறிப்பேட்டைத் திறந்தாள். மரே எல்லாவற்றையும் அதில் எழுதுவான். மறந்திருந்தால் அந்த வரி இருக்காது. எழுதக்கூட இல்லை, அவ்வளவு களைப்பு என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் வரி இருந்தது. அவனுடைய நேரான கையெழுத்தில்: ‘3.25 நங்கூரம். 3.40 தக்கை எடுத்தாச்சு.’

எடுக்காததை எடுத்ததாக நினைத்து, மணியும் பார்த்து எழுதியிருக்கிறான். அவள் குறிப்பேட்டை மூடினாள்.

“என்னமோ சத்தம் கேட்டுதே?” மரே கழிவறைக்குள்ளிருந்து தலையை நீட்டினான். “பிடி லேசாயிடுச்சு ப்ரான்! என்ன அடைச்சிருந்துது?”

தக்கை அவள் கால்சட்டைப் பையில் ஈரமாக இருந்தது. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள்.

“குளவி,” என்றாள். “மண்ணு வெச்சுக் கட்டியிருந்துது.”

சொன்னதுமே அவன் வெடித்துச் சிரிப்பான் என்று காத்திருந்தாள். குளவி கூடு கட்ட வேண்டுமானால் படகு நாள் கணக்கில் ஒரே இடத்தில் ஆளில்லாமல் கிடக்க வேண்டும். ஐந்து வாரமாக ஓடிக்கொண்டிருக்கிற படகில், அதுவும் கடல் அடித்துக் கழுவுகிற துளையில், எந்தப் பைத்தியக்காரக் குளவி வந்து கட்டும்? போன வருஷம் வெர்ன் இப்படித்தான் குளவி மேல் பழி போட்டான். மரே மூன்று துறைமுகத்தில் அதைச் சொல்லிச் சொல்லி அவன் மானத்தை வாங்கினான். சிரி, என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். திட்டு. பொய் சொல்றியாடி என்று கேள்.

“சனியன் பிடிச்ச குளவி,” என்றான் மரே. “கம்பி விட்டு நோண்டினியா?”

“ம்.”

“கெட்டிக்காரி! நான் இங்க இந்தப் பம்போட மல்லுக்கட்டிட்டிருக்கேன் பாரு.”

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தான். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குறிப்பேட்டின் முன் உட்கார்ந்து, ‘காற்றுக் குழாயில் குளவி’ என்று எழுத ஆரம்பித்தான். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. தக்கையை மறந்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். இதைப் பொறுக்க முடியவில்லை.

“எழுதாதே மரே.”

தக்கையை எடுத்துத் திறந்த பக்கத்தின் மேல் வைத்தாள். காகிதம் ஈரத்தில் ஊறியது.

அவன் அதைப் பார்த்தான். பக்கத்தைத் திருப்பி, நான்கு நாள் முந்தைய வரியைப் படித்தான். விரலை வைத்து மறுபடியும் படித்தான்.

“எடுத்தேனே,” என்றான்.

“எடுக்கலை.”

“எழுதியிருக்கேனே ப்ரான்.”

“எழுதியிருக்கே. எடுக்கலை.”

வெளியே வெர்னின் ரேடியோ எங்கோ மழை என்று சொல்லிக்கொண்டிருந்தது. மரே கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

“குளவின்னு சொன்னியே.”

“சொன்னேன்.”

“நாம இங்க வந்தே நாலு நாள்தான் ஆகுது.”

“ஆமா.”

“அதுக்கு முன்னாடி கடல்ல இருந்தோம்.”

“ஆமா மரே.”

யாரோ மூன்றாம் மனிதனைப் பற்றிச் சொல்வது மாதிரி, “நான் நம்பிட்டேன்,” என்றான் அவன்.

அவள் அழுதாள். அடக்கிப் பார்க்கவில்லை, அப்படியே நின்றபடி வாய்விட்டு அழுதாள். அவன் எழுந்து வந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். அவன் மேல் சோப்பும் கழிவறையும் கலந்து நாறியது.

“உன்கிட்ட சத்தியம் பண்ணிட்டு முதல்ல பொய்யைத்தானே சொன்னேன்,” என்றாள்.

“போகட்டும் விடு. தக்கையை மட்டும் காட்டியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். களைப்புன்னிருப்பேன், காத்துன்னிருப்பேன். இதுக்கு என்னத்தைச் சொல்றது?” அவன் குரல் உடைந்தது. “அவ்வளவுதான் ப்ரான். போலாம்.”

“இன்னிக்கேவா?”

“இன்னிக்கே. நாளைக்குன்னா நான் வேற ஏதாவது பேசுவேன்.”

பம்பைக் கடைசியாக ஒரு தடவை அவனே கழற்றித் துடைத்துப் பூட்டினான். ஒரு வாஷர் தவறவில்லை, ஒரு திருகு மிச்சமாகவில்லை. கை எதையும் மறக்கவில்லை, அதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. டேகனுக்குப் போன் போடலாமென்றால் ஓடைக்குள் சிக்னல் இல்லை. வெளியே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

பதினோரு மணிக்கு நங்கூரத்தைத் தூக்கினார்கள். வெர்ன் கையை ஆட்டி, “என்னய்யா, மூச்சு விடுதா?” என்று கத்தினான். “விடுது, விடுது!” என்று மரே பதிலுக்குக் கத்தினான். அவள்தான் படகை ஓட்டினாள். அவன் சுக்கான் சக்கரத்தின் பக்கமே வரவில்லை. டீக் கோப்பையோடு ஓரத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டான். ஓடையின் வாயைத் தாண்டியதும் தென்கிழக்குக் காற்று பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது. பாய் நிரம்பிப் படகு விறுவிறுவென்று ஓட ஆரம்பித்தது.

“கிளாட்ஸ்டனுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் ப்ரான்?”

எத்தனையோ தடவை அவன் கையால் ஓட்டின தூரம் அது.

“ஆறு,” என்றாள்.

“ஆறுதானா?” என்றான் மரே.

அவள் கயிற்றை இழுத்து முன்பாயைப் பாதிக்கு மேல் சுருட்டினாள். படகின் வேகம் குறைந்தது. நல்ல காற்று அடிக்கும்போது எதற்குப் பாயைச் சுருட்டுகிறாய் என்று அவன் கேட்கவில்லை.