பெயரை மட்டும் வெட்டிய ஒலிப்பதிவு

வேலப்பன்சாவடியில் ஒரு சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தும் கிருஷ்ணப்பிரியாவுக்கு வெகுநாள் ஆசை ஒன்று இருந்தது. மனித உரிமை பற்றி ஆய்வு செய்பவர்களையும் களத்தில் வேலை செய்பவர்களையும் ஒரே கூட்டமைப்பில் சேர்க்க வேண்டும். முதலில் சேர்ந்தவள் ஜெபா. அம்பத்தூர்ப் பக்கம் தையல் கம்பெனிப் பெண்களுக்காக அலைகிறவள்.

தொடக்கக் கூட்டத்தில் பேராசிரியர்கள் ஒரு பக்கமும் களப்பணியாளர்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு ஒட்டவே இல்லை. கிருஷ்ணப்பிரியாவுக்குப் பதற்றமாகிவிட்டது. ஆய்வுக்கென்று ஜெபா நம்பிக் கொடுத்திருந்த ஒலிப்பதிவை ஓடவிட்டாள். பூங்காவனம் என்ற தொழிலாளி, சூப்பர்வைசர் தனக்குக் கொடுத்த தொல்லையைச் சொல்லியிருந்தாள். பெயர் வரும் இடத்தை மட்டும் கிருஷ்ணப்பிரியா வெட்டியிருந்தாள். அரங்கு அசையாமல் கேட்டது. அதன்பிறகு டீ குடிக்கும்போது எல்லோரும் கலந்து பேசினார்கள். அன்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

கூட்டத்தில் யாரோ அதைப் போனில் பதிவு செய்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள். அது சுற்றிச் சுற்றி சூப்பர்வைசர் வரை போய்விட்டது. அந்த வாரமே பூங்காவனத்தைக் கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

ஜெபா சண்டை போடவில்லை. "அவங்க மூஞ்சில நான் எப்படி மேடம் முழிப்பேன்?" என்றாள்.

இருவரும் கரையான்சாவடியில் பூங்காவனத்தின் வீட்டுக்குப் போனார்கள். பூங்காவனம் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"உங்க பேர் வராமத்தான் போட்டேன்" என்றாள் கிருஷ்ணப்பிரியா.

"பேரு இன்னாத்துக்கு? என் கொரலு அவனுக்குத் தெரியாதா? வருசக்கணக்கா அவங்கிட்டதான வேல செஞ்சுகினு இருந்தேன்." பூங்காவனம் தண்ணீரை வடித்தாள். "ஜெபாவ நம்பி சொன்னேன். என்னை ஒரு வார்த்த கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்."

அதனால்தான் கேட்கவில்லை என்பது கிருஷ்ணப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நம்ம கூட்டமைப்புல வக்கீலுங்க இருக்காங்க. கேஸ் போடலாம்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"வக்கீல் வரட்டும். ஜெபா வரட்டும். நீங்க வராதீங்கம்மா."

இந்த வழக்கின் பொறுப்பை ஜெபாவிடம் கொடுத்துவிட்டு கிருஷ்ணப்பிரியா ஒதுங்கிக்கொண்டாள். வழக்கை ராகவன் என்ற வக்கீல் எடுத்தார். தேவையான தீர்ப்புகளை ஒரு பேராசிரியர் தேடிக் கொடுத்தார். சில மாதங்களில் பூங்காவனத்தை மீண்டும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் நீக்கப்பட்டான். கூட்டமைப்பின் முதல் வெற்றி என்று எல்லோரும் பேசினார்கள்.

ஜெபா போனில் சேதி சொன்னபோது கிருஷ்ணப்பிரியா கேட்டாள்: "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

ஜெபா கொஞ்சம் தயங்கினாள். "இல்ல மேடம். ஒண்ணும் சொல்லல."

கிருஷ்ணப்பிரியா போனை வைத்துவிட்டு, கேட்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.