கறுப்பு பீரை மறைத்த கோப்பை

செல்லம்மாவின் தாய் லெட்சுமி, மலேசியாவின் லாபு தோட்டத்திலேயே பெரிய அழகி. அவள் நிரையில் நடந்து போனால் ரப்பர் மரங்கள் வெட்டாமலே பால் வடித்தன என்று பேச்சு. பார்த்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் மறுக்க ஆளில்லை.

மகளுக்குப் பல் முளைக்கும் முன்பே லெட்சுமி காய்ச்சலில் போய்விட்டாள். மிஞ்சியது ஒரே படம். அதுவும் ‘தகரவாள் தங்கப்பன்’ என்ற பழைய சித்திரக்கதைப் புத்தகத்தின் பின் அட்டையில். மடியில் கைக்குழந்தை செல்லம்மா, உதட்டருகே ஒரு கிளாஸ் கறுப்பு பீர். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேற அதைக் கொடுப்பது அன்றைய தோட்டத்து வழக்கம். பீர் கம்பெனிக்காரன் வந்து படம் பிடித்து விளம்பரமாகப் போட்டுவிட்டான்.

சிரம்பானில் அச்சகம் வைத்திருக்கும் சைபுதீன் அந்தப் புத்தகத்தை மறுபடியும் அச்சடிக்கக் கிளம்பினார். மலேசியா முழுக்கச் சல்லடை போட்டும் பிரதி கிடைத்தது செல்லம்மாவிடம் மட்டும்தான்.

“கொடுக்கறேன் பாய். ஆனா சம்பந்தி வீட்டுல பார்த்தா, குடிகார வம்சமான்னு வாய்க்கு வாய் பேசுவாங்க. அந்தச் சனியனை மட்டும் மறைச்சிடுங்க.”

“சின்னப்பிள்ளைங்க புக்குல எப்படியும் அதைப் போட முடியாதுக்கா. நான் பாத்துக்கறேன் லா.”

புதுப் புத்தகம் வந்த அன்று செல்லம்மா லாபுவையே கூட்டிவிட்டாள். மேலே பறந்த விமானம்கூடக் கொஞ்சம் தாழ்ந்துதான் போயிருக்கும். பின் அட்டையைத் திருப்பினாள். யாரோ ஒருத்தி அண்டா அளவு கோப்பையில் பிள்ளைகள் குடிக்கும் மால்ட் பானம் குடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே கணவர் நல்லசாமியோடு சிரம்பானுக்குப் போனாள்.

“கிளாஸை எடுத்தேன்க்கா. வெறுங்கை பல்லு குத்துற மாதிரி இருந்துச்சு. அதான் பெரிய கோப்பையா வரைஞ்சேன். மூக்கு, வாய் மறைஞ்சிடுச்சு. கண்ணு வேற சொக்கிப்போய் இருந்துச்சா, போதைன்னு நெனைப்பாங்கன்னு நல்லா முழிக்க வச்சேன்.”

“பிள்ளை பெத்த கண்ணு பாய் அது. தூக்கமில்லாத கண்ணு.”



“சரி, பழைய படத்தைக் கம்ப்யூட்டர்ல எடுத்துக் கொடுங்க, போயிடறோம்” என்றார் நல்லசாமி.

“கம்ப்யூட்டர்ல திருத்துறதெல்லாம் எனக்கு வராதுண்ணே. அட்டை மேலயே வெள்ளை பெயிண்ட் அடிச்சு, வரைஞ்சு, அப்புறம்தான் ஸ்கேன் பண்ணுவேன். நாப்பது வருஷமா அப்படித்தான்.”

அவர் எடுத்துக் கொடுத்த பழைய அட்டையில் பெயிண்ட் சுண்ணாம்பாய்க் காய்ந்திருந்தது. செல்லம்மா நகத்தால் மெல்லச் சுரண்டினாள். பெயிண்ட் வந்தது. அதோடு காகிதமும் வந்தது. அடியில் பஞ்சு மாதிரி பழுப்பு நார். அதற்கு மேல் சுரண்டவில்லை.

“மன்னிச்சிடுங்கக்கா.”

“நான்தானே மறைக்கச் சொன்னேன்.”

வீடு திரும்பும் வழியில் நல்லசாமி காரை ஓரமாக நிறுத்தினார். “எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் படம் வரைவாரு, செல்லம். படத்துல நீ தினமும் பார்த்த முகம்தானே? மூக்கு எப்படி, வாய் எப்படின்னு சொல்லு, வரைஞ்சிடுவாரு.”

செல்லம்மா கண்ணை மூடினாள். வெகுநேரம் மூடியே வைத்திருந்தாள்.

“என்ன, தெரியுதா?”

“அந்தக் கோப்பைக்காரிதாங்க வர்றா.”

நல்லசாமி காரைக் கிளப்பினார்.