மடக்கிய விரல்

ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. கோச்சடையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் ஆடியில் போட்ட விதைகள் அதுவரை ஒழுங்காகத்தான் வந்திருந்தன. மழைக்குப் பிறகு எல்லாம் இலையாகவே போயிற்று. அவரைப் பந்தல் அடர்ந்து மூடிக்கொண்டது. பூக்கள் மட்டும் காலையில் பந்தலுக்கு அடியில் சேற்றில் கிடந்தன. கத்தரி இடுப்பு உயரம் வளர்ந்ததே தவிர காய்க்கவில்லை. கீரைப் பாத்தி அழுகிக் கரைந்துவிட்டது.

மஞ்சள் பூசணிக் கொடியில் ஒரே ஒரு பிஞ்சு தங்கியது. அதை முதலில் பார்த்தவள் என் மனைவி அன்னக்கொடி. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மில்லிலிருந்து நான் வந்து காலைக் கழுவுவதற்குள் கூப்பிட்டாள். போனேன். இலையை விலக்கி, "இங்கன பாருங்க மச்சான்" என்று காட்டினாள். சந்தோஷத்தில் ஆள்காட்டி விரலை நேராக நீட்டிவிட்டாள்.

கிணற்றடியில் நின்ற என் ஆத்தா அதைப் பார்த்துவிட்டாள். பூசணிப் பிஞ்சுக்கு நேரே விரல் நீட்டினால் அழுகிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கும் தெரியும். விரலை மடக்கி, முட்டியால்தான் காட்டுவார்கள். அன்னக்கொடிக்கும் தெரிந்ததுதான். உடனே கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். ஆத்தா குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தக் காய் எங்களுக்கு வெறும் காய் இல்லை. என் அக்கா சோலையம்மாளைக் கீழக்குயில்குடியில் கட்டிக்கொடுத்திருந்தது. வருஷா வருஷம் பொங்கல் சீருக்கு இந்தத் தோட்டத்துப் பூசணியும் அவரையும்தான் போகும். கடையில் வாங்கி அனுப்பிய வருஷம் கிடையாது.

யுத்தம் வரும், வராது என்று பத்திரிகைகள் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை சற்று ஓய்ந்திருந்தது. நான் இரவல் வாங்கி வந்த பத்திரிகைக் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். பூசணிப் பாத்தியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, வரப்பை வெட்டி ஆற்றுப் பக்கம் வடிய விடு என்று ஆத்தா அடுப்படியிலிருந்து சொன்னாள். தலையை ஆட்டினேன். பேச்சுக் குறைந்தவனுக்கு இது ஒரு வசதி. வார்த்தையாகச் சொன்னால் வாக்கு. தலையாட்டினால் ஒன்றுமில்லை என்று மனசு சமாதானம் சொல்லிக்கொள்ளும். இன்னும் ஒரு பக்கம், இன்னும் ஒரு பக்கம் என்று இருந்துவிட்டேன். மறுபடி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் அடித்தது. வைகை இரு கரையும் தொட்டுப் போகிறது என்று மில்லில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பாத்தி ஞாபகம் வந்தது. அப்போதும் வெட்டவில்லை. இனி வெட்டி என்ன என்று தோன்றியது.

மழை நின்ற காலையில் யாருக்கும் முன்னால் எழுந்து போய்க் காயைத் தூக்கிப் பார்த்தேன். மேலே பச்சையும் மஞ்சளுமாகப் பழுதில்லாமல் இருந்தது. அடியில் என் கட்டைவிரல் உள்ளே போயிற்று. இருந்தபடியே வைத்துவிட்டு, விரலை மண்ணில் துடைத்துக்கொண்டு வந்தேன்.

நாலு நாள் கழித்து ஆத்தா கண்டுபிடித்தாள். அழுகிய காயைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்து, "அன்னைக்கே நெனச்சேன். அந்தக் கை ராசி அப்படி" என்றாள்.

அன்னக்கொடி என்னைப் பார்த்தாள். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அவள் எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை. அரிசிப் பானையை, மாட்டை, வாசலில் வந்து நிற்கும் ஆளை, எல்லாவற்றையும் மடக்கிய முட்டியால்தான் காட்டினாள். ஆத்தா அவளைத் தோட்டத்துப் பக்கம் விடவில்லை. அவளும் கேட்கவில்லை. மார்கழியில் வெயில் வந்தது, செடிகள் தெளிந்தன. எங்களுக்குள் பேச்சு இன்னும் குறைந்தது. என் மௌனம் எனக்குப் பழக்கமானது. அவளுடையது வேறு, அது எதற்கோ காத்திருந்தது.

சீர் கொண்டுபோகும் நாள் வந்தது. வழக்கப்படி புருஷன் பெண்சாதியாகப் போக வேண்டும். "அவ வேண்டாம், நானே வாரேன்" என்று ஆத்தா வண்டியில் ஏறிக்கொண்டாள். மதுரைச் சந்தையில் வாங்கிய அவரையும் பூசணிக் கீற்றும் கூடையில் இருந்தன. வழி நெடுக எனக்கு ஒரே கணக்குதான். ராசியில்லாத கை என்ற பேச்சு அக்கா வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், நாளைக்கு ஒரு கல்யாணத்தில் அன்னக்கொடியை ஆரத்தி எடுக்க விடமாட்டார்கள், விதை போடக் கூப்பிடமாட்டார்கள். அந்தப் பேச்சை ஆத்தாவே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

அக்கா ஓர் அவரைக்காயை எடுத்து ஒடித்துப் பார்த்தாள். "இது நம்ம வீட்டுக் காய் இல்லையே. பூசணி எங்க, ஆத்தா? கீத்து வாங்கியாந்திருக்க, சீக்காளிக்குப் பத்தியம் கொண்டாந்த மாதிரி."

"அத ஏன் கேக்குற," என்று ஆத்தா ஆரம்பித்தாள். "ஒந் தம்பி பொண்டாட்டி..."

"நான்தாங்க்கா," என்றேன். "ஆத்தா தண்ணிய வெட்டி விடச் சொன்னுச்சு. வெட்டல. அடியில அழுகிப்போச்சு. அவ ஒண்ணும் பண்ணல."

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "இம்புட்டுத்தானா? எங்க வீட்லயும் எல்லாம் மழையிலதான் போச்சு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பும்போது சமணர் மலை பின்னால் போயிற்று. ஆத்தா மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குத் தெரியும். மம்பட்டி மூலையில காஞ்சு கெடந்துச்சு."

"தெரிஞ்சுமா அவளச் சொன்ன?"

"வந்தவளச் சொல்றது ஊர் வழக்கம். பெத்த புள்ளையச் சொன்னா எனக்குல்லடா வலிக்கும்."

ஆத்தா பழி பேசினாள், நான் பேசவில்லை. வலியைத் தள்ளிவிட்ட இடம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஆத்தா, "இனிமே தோட்டத்த நீயே பாரு" என்று அன்னக்கொடியிடம் சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனாள். நான் அன்னக்கொடியிடம் அக்கா வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அவள் அதிசயப்பட்டது போல் தெரியவில்லை; வரப்பை வெட்டு என்று ஆத்தா அன்றைக்குச் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கும்.

மறுநாள் காலையில் மழைக்கு அறிகுறியே இல்லை. ஆனாலும் மண்வெட்டியை எடுத்துப் போய் அந்த வரப்பை வெட்டினேன். அவளும் வந்தாள். ஈரத்தில் மண்ணைத் தொட்ட இடங்களில் பூசணிக் கொடி புதிதாக வேர் விட்டிருந்தது. கொடியின் நுனியில் கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு. அவள் குனிந்து இலையை விலக்கி, மடக்கிய விரலால் காட்டினாள்.

"நீட்டியே காட்டு," என்றேன்.

அவள் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"வாயத் தொறக்க ஒங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு, மச்சான். வெரலுக்கும் கொஞ்சம் நாளாகட்டும்."

நான் தலையாட்டப் போனவன் நிறுத்திக்கொண்டு, "சரி" என்று வாயால் சொன்னேன். அவள் கிணற்றடியிலிருந்து ஒரு தட்டைக் கல்லை எடுத்து வந்து பிஞ்சுக்கு அடியில் வைத்தாள். நான் மிச்ச வரப்பையும் வெட்டினேன்.